மடிப்புக்கு ஒரு வாக்கியம்

சலவைக்கூடத்தில் அவளுக்குக் குட்டையக்கா என்று பெயர். வைத்தவர், சூடான உருளைகளுக்கு முன்னால் நின்று ஈரத்துணியை உள்ளே தள்ளும் இஸ்திரி அண்ணன். அவள் முகம் சுளிக்கவில்லை.

"உயரத்தைப் பார்த்துப் பேர் வச்சிட்டீங்க. வாயைப் பார்த்து வச்சிருந்தா என்ன பேரு வச்சிருப்பீங்க அண்ணே?"

"அதுக்கு இந்தச் செவுரு முழுக்க எழுதணும்மா. இது சுருக்கமா இருக்கு."

அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே சட்டென்று திரும்புவதில்லை.

பல நாட்டவர் பிழைக்க வந்த ஒரு வெளிநாட்டு நகரத்தில், ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. ஒரு வாசல் வழியாகக் கறையும் வியர்வையுமாக உள்ளே போவது, மறுவாசல் வழியாக வெள்ளை வெளேரென்று அடுக்காக வெளியே வரும். நடுவில் என்ன நடக்கிறது என்று அந்த விரிப்புகளில் படுப்பவர்கள் யோசிப்பதில்லை. யோசித்தால் அவர்களுக்குத் தூக்கம் வராது. இங்கே நிற்பவர்களுக்கோ அதைப் பற்றி யோசிக்காமலே தூக்கம் வருவதில்லை. நின்று நின்று மரத்துப்போன கால்கள் படுத்த பிறகும் நின்றுகொண்டே இருக்கும்.

குட்டையக்காவுக்கு மடிப்பு வேலை. பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இருவர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடிக்க வேண்டும். ஒரு உதறல். நீளவாக்கில் ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொன்று. பிறகு இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவார்கள். முகத்துக்கு முகம் வந்ததும் ஒருத்தி தன் கையில் இருப்பதை மற்றவள் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, தொங்கும் மடிப்பைப் பிடித்து மேலே தூக்கித் தருவாள். ஒரு தட்டு, ஒரு தடவல், அடுக்கின்மேல் வைத்தாயிற்று. அடுத்த விரிப்பு. நாள் முழுக்க அருகில் வருவதும் விலகுவதும்தான் வேலை. உடம்பு உரச வேலை செய்கிறவர்கள் உண்டு, தள்ளி நின்று வேலை செய்கிறவர்கள் உண்டு. இப்படி அலை மாதிரி வந்து வந்து போகிற தொழில் அதிகம் இல்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காலை ஷிப்ட் முடிந்து சாயங்கால ஷிப்ட் தொடங்கும் நடுப்பகலில், மீதமிருக்கும் கடைசித் தள்ளுவண்டித் துணியை, வெளியே போகிறவள் ஒருத்தியும் உள்ளே வருகிறவள் ஒருத்தியும் சேர்ந்து மடிக்க வேண்டும். நிர்வாகம் போட்ட விதியல்ல. முன்னொரு காலத்தில் கிழிந்த விரிப்புகளைக் காலை ஷிப்டுக்காரிகள் சாயங்காலத்தின் தலையிலும், சாயங்காலக்காரிகள் காலையின் தலையிலும் கட்டி, பெரிய சண்டை நடந்திருக்கிறது. ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் பழியும் ஆளுக்குப் பாதி என்று தொழிலாளர்களே பேசி வைத்துக்கொண்டது.

அந்தக் கடைசி வண்டியில் குட்டையக்காவுக்கு எதிரே நிற்பவள் நெட்டையம்மா. காலை ஷிப்ட். இஸ்திரி அண்ணன் வைத்த பெயர்தான் அதுவும். ஒருத்தி அண்ணாந்து பார்க்க, மற்றவள் குனிந்து பார்க்க, நடுவில் விரிப்பு சறுக்குமரம் மாதிரி சாய்ந்து கிடக்கும். நெட்டையம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். எல்லோரும் எதிரில் இருப்பவளை "அக்கா, அக்கா" என்பதைக் கேட்டு அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக்கொண்டு, தானும் "அக்கா" என்றே கூப்பிட்டாள். வயதில் அவள்தான் மூத்தவள். குட்டையக்கா திருத்தவில்லை. பெரியவள் வாயால் அக்கா என்று கேட்பது யாருக்குத்தான் கசக்கும்.

இத்தனை காலமாக இருவருக்கும் இடையில் "அக்கா", ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். அவ்வளவுதான் பேச்சு.

குட்டையக்காவின் கணவர் ரொட்டி சுடுகிறவர். ஊர் சாப்பிட உட்காரும்போது ரொட்டி சூடாக இருக்க வேண்டும் என்றால் யாரோ ஒருவர் ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் இவர். அவள் வேலை முடிந்து வீடு திரும்பும்போது அவர் கிளம்பிப் போயிருப்பார். அவர் காலையில் மாவு படிந்த புருவத்தோடு வந்து, சாப்பிட்டு, படுத்து எழும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பாள். ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரே தலையணையில் இரண்டு பள்ளம். ஆனால் இருவரும் ஒன்றாக விழித்திருக்கும் நேரம் என்று பார்த்தால், காலையில் அவர் சாப்பிடுகிற நேரமும், அவள் படி இறங்குகிற நேரமும்தான். விடுமுறையும் ஒரே நாளில் வருவது அபூர்வம்.

அடுக்களையில் இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில்தான் உட்காருவார்கள், முறைவைத்து. இரண்டாவது நாற்காலிமேல் மடிக்க வேண்டிய துணி, பழைய பைகள், ஒரு பழுதான மின்விசிறி. அது நாற்காலி என்பதே மறந்துபோயிருந்தது.

இந்தச் சாயங்கால ஷிப்டை அவள் கேட்டு வாங்கவில்லை. அப்போதிருந்த பழைய சூப்பர்வைசர் ஒருநாள் சுவரில் அட்டவணையை ஒட்டினார். அவள் பெயர் காலையிலிருந்து சாயங்காலத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. கேட்டதற்கு, "ரெண்டு வாரத்துக்குத்தான்மா, அனுசரிச்சுப் போ" என்றார். அனுசரிப்பு என்ற சொல் எப்போதும் மேலேயிருந்து கீழேதான் விழுகிறது. கீழேயிருந்து மேலே யாரும் எறிந்ததில்லை. அந்த இரண்டு வாரம் முடியவே இல்லை. மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். யாராவது ஒருவர் எப்போதும் வீட்டில் இருப்பது நல்லதுதானே என்று புருஷனும் பெண்டாட்டியும் தங்களைத் தாங்களே சமாதானப்படுத்திக்கொண்டார்கள். மகள் படித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போய்விட்டாள். சமாதானம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அபூர்வமாக இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை வந்த ஒரு மத்தியானம். மருந்துப் பெட்டியின் பின்புறத்தைப் படிக்க அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இது யாருது?" என்றாள்.

"என்னுதுதான்."

"எப்ப வாங்கினீங்க?"

"ஆச்சு, ஒரு ஆறேழு மாசம். கிட்டத்துல இருக்கிறது தெரிய மாட்டேங்குது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தன் புருஷன் கண்ணாடி போட்டு அரை வருஷமாகிறது, தனக்குத் தெரியாது. அடுத்து என்ன? அவர் தலை நரைத்து முடிந்த பிறகு யாராவது சொல்லித்தான் தெரியுமா?

மறுநாளே சூப்பர்வைசர் அறைக்குப் போனாள். இப்போதிருப்பவர் இளையவர்; வீட்டில் பேசுவதும் தமிழ்தான். அவளை அக்கா என்பார்.

"எனக்குக் காலை ஷிப்ட் வேணும் தம்பி. இத்தனை வருஷத்துல நான் எதுவும் கேட்டதில்ல."

அவர் அட்டவணையைப் பார்த்தார். "காலையில மடிப்புல இடம் இல்லக்கா. ஆனா ஒண்ணு பண்ணலாம். அந்த நெட்டையம்மாவைச் சாயங்காலத்துல போட்டுட்டு, அவ இடத்துல உங்களைப் போட்டுடறேன். நம்ம ஆளுக்கு நம்ம செய்யலேன்னா யாரு செய்வா?"

"அவ ஒத்துக்குவாளா?"

"அவளை எதுக்குக் கேக்கணும்? அட்டவணையை ஒட்டினா வந்துட்டுப் போறா. கேள்வி கேட்டா பாத்துக்கலாம். எந்தப் பாஷையில கேக்கப் போறா?"

அவர் கெட்டவர் அல்ல. சிரித்துக்கொண்டே, உதவி செய்கிற சந்தோஷத்தோடு சொன்னார். உலகத்தில் நடக்கும் அநியாயத்தில் பாதி இப்படி நல்ல முகத்தோடுதான் நடக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறவனை எதிர்த்து நிற்கலாம். அக்கா என்று கூப்பிட்டு, அடுத்தவளின் நாளை எடுத்து நம் மடியில் வைக்கிறவனை என்ன செய்வது?

குட்டையக்காவுக்குப் பழைய சூப்பர்வைசரின் "ரெண்டு வாரம்" ஞாபகம் வந்தது. அன்று தன் பெயரும் இப்படி ஒரு சிரிப்போடுதான் நகர்ந்திருக்கும். யாருக்கோ "நம்ம ஆளு" என்று.

"ஒட்டாதீங்க தம்பி. நான் அவளையே கேக்கறேன்."

"எப்படிக் கேப்பீங்க?"

"அவ பாஷையில."

சூப்பர்வைசர் சிரித்தார். "கேட்டு முடிச்சுட்டு வாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் அட்டவணையை நான் தொடல."

இஸ்திரி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் உருளையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எதுக்கும்மா வீண் வேலை? யாருக்கு எந்த நேரம்னு தலையில எழுதியிருக்கு."

"தலையில இல்லண்ணே. அந்தச் செவுத்துல எழுதியிருக்கு. பேனாவால. எழுதினவரு இப்பத்தான் டீ குடிக்கப் போனாரு."

முதலில் போனில் பாடம் கேட்டாள். இலவசப் பாடம், பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு வருவாள். "வேலையும் வேலை நேரமும்" என்று ஒரு பகுதி இருந்தது. அதில் ஒருவர் கட்டடம் வரைகிறவர், ஒருத்தி விமானம் ஓட்டுகிறவள். ஒன்பது மணிக்கு அலுவலகம் போவார்கள், மத்தியானம் நண்பர்களோடு சாப்பிடுவார்கள், வாரக் கடைசியில் மலையேறுவார்கள். அந்தப் பாடம் முழுவதும் ஒருவருக்கும் கால் வலிக்கவில்லை. ஒருவரும் ஷிப்ட் மாற்றிக் கேட்கவில்லை. பாடப்புத்தகம் எழுதுகிறவர்களுக்கு வேலை என்றால் நாற்காலி.

"இது நமக்கு ஆகாது" என்று கணவரிடம் சொன்னாள்.

அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே யோசித்தார். "எங்க அடுப்புல என்கூட நிக்கிறவன் அந்தப் பாஷைக்காரன்தான். மாவு பொங்குற நேரத்துல சும்மாதான் உக்காந்திருப்போம். கேட்டு வரவா?"

அப்படித் தொடங்கியது. ஒவ்வொரு காலையும் அவர் ஒரு ரொட்டியும் ஒரு வாக்கியமும் கொண்டுவந்தார். ரொட்டி சூடாக இருக்கும், வாக்கியம் வழியில் கொஞ்சம் ஆறி, ஓரம் உடைந்திருக்கும்.

முதல் நாள் கொண்டுவந்தது: "அ கே தே தெதிகாஸ்."

"அப்படின்னா?"

"என்ன வேலை பாக்குறேன்னு கேக்கறது. ஆனா அவன் வார்த்தை வார்த்தையா பிரிச்சுச் சொன்னான். 'உன்னை நீ எதுக்குக் குடுத்திருக்கே'ன்னு அர்த்தம் வருமாம்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "உண்மையாவா?"

"அவன் சொன்னான்."

"நான் துணிக்குக் குடுத்திருக்கேன். நீங்க மாவுக்கு."

"மிச்சம் இருந்தா?" என்றார் அவர், ரொட்டியைப் பார்த்துக்கொண்டு.

குழம்புச் சட்டியைத் தேய்த்தபடி அந்த வாக்கியத்தையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

வாக்கியங்கள் சேர்ந்தன. "கே தூர்னோ தியெனெஸ்": உனக்கு எந்த ஷிப்ட். "த்ராபாஹோ தே நோச்சே": எனக்கு ராத்திரி வேலை. "அ கே ஓரா சாலெஸ்": எத்தனை மணிக்குக் கிளம்புவே. ஒருநாள் "தெங்கோ தோஸ் த்ராபாஹோஸ்" என்று கொண்டுவந்தார்; எனக்கு ரெண்டு வேலை இருக்கு என்று அர்த்தம்.

"இது எதுக்கு? ஒண்ணுலயே முதுகு ஒடியுது."

"அவன் அதையேதான் தினம் சொல்றான். அதனால கத்துக்குடுத்துட்டான்."

அவர் கேட்பார், அவள் பதில் சொல்லுவாள். பிறகு மாற்றி. தூக்கக் கலக்கத்தில் அவர் "எனக்குக் காலை ஷிப்ட்" என்று தப்பாகச் சொல்லுவார். "அட, எப்ப இருந்து? எனக்குத் தெரியாதே" என்பாள். வழக்கமாகச் சாப்பிட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிற மனுஷன், கண் சொக்கச் சொக்க உட்கார்ந்து, இருவருக்கும் தெரியாத ஒரு பாஷையில் பேசிக்கொண்டிருந்தார். தெரிந்த பாஷையில் இவ்வளவு பேசி எத்தனை காலமாகிவிட்டது என்று அவளுக்கு நினைக்கவே பயமாக இருந்தது.

ஒருநாள் அவள் எழுந்து வந்தபோது இரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது. துணியும் பைகளும் மின்விசிறியும் எங்கே போயின என்று கேட்டாள்.

"கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். காலை ஷிப்ட் கிடைச்சா நீ எங்க உக்காருவே?"

கடைசி வண்டியில் ஆளுக்கு ஆள் நெருங்கி வரும்போதுதான் பேச வாய்ப்பு. மடிப்புக்கு ஒரு வாக்கியம். முதல் நாள் குட்டையக்கா முனைகளைக் கையில் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "அ கே ஓரா சாலெஸ்?"

நெட்டையம்மா கையிலிருந்ததை அப்படியே விட்டுவிட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது. தரையைத் தொட்ட துணி மறுபடி சலவைக்குப் போக வேண்டும்.

"போச்சு" என்றார் இஸ்திரி அண்ணன் அங்கேயிருந்து. "பேசிப் பேசியே ஒரு வண்டியைத் திரும்ப அனுப்பிடுவீங்க."

நெட்டையம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு கடகடவென்று என்னவோ சொன்னாள், மதகு திறந்த மாதிரி. குட்டையக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்து, மெல்ல, மெல்ல என்று காட்டினாள். நெட்டையம்மா குனிந்து, விழுந்த விரிப்பை எடுத்து, ஒரே ஒரு சொல்லை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்: இப்போது. இப்போதுதான் கிளம்பப்போகிறேன்.

அதற்குப் பிறகு கடைசி வண்டிக்காக இருவரும் காத்திருக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி முன்னால் வந்து கேட்பாள். மற்றவள் பின்வாங்கிப் போய் யோசித்து, அடுத்த விரிப்பில் பதிலோடு வருவாள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு விரிப்பின் நீளம். ஒரு வாக்கியம் பேச இவ்வளவு இடமும் இவ்வளவு பொறுமையும் எல்லோருக்கும் கிடைத்தால் உலகத்தில் பாதிச் சண்டை நடக்காது.

மாதக் கடைசி நெருங்கியது. கேட்க வேண்டியதைக் கணவர் இரண்டு காலையாகச் சொல்லிக்கொடுத்து, தூங்கப் போகுமுன் மறுபடி ஒப்பிக்கச் சொல்லி அனுப்பினார்.

"போதேமோஸ் காம்பியார் தே தூர்னோ?" நாம் ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாமா?

நெட்டையம்மா பின்னால் போனாள். உதறினாள், மடித்தாள். நடந்து வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னாள்: "அக்கா. தெங்கோ தோஸ் த்ராபாஹோஸ்."

எனக்கு ரெண்டு வேலை இருக்கு.

கேள்வி கேட்பதற்குத்தான் அவள் இத்தனை நாள் பாடம் படித்தாள். பதிலுக்கு என்று தனியாக எதையும் படிக்கவில்லை. எதற்கு என்று அலட்சியமாக ஒதுக்கிய அந்த ஒரு வாக்கியம்தான் எதிரே வந்து நின்றது. நெட்டையம்மா துடைப்பம் பிடிக்கிற மாதிரி, தரை துடைக்கிற மாதிரிக் காட்டினாள். சாயங்காலத்தில் ஏதோ அலுவலகத்தைச் சுத்தம் செய்கிறாள். இங்கே சாயங்கால ஷிப்ட் என்றால் அந்த வேலை போய்விடும்.

மீதி வண்டியை மடித்து முடித்தார்கள்.

அன்று வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அவளோடு இன்னொரு குரலும் கூடவே வந்தது. நீ கேட்காமலே இருந்திருந்தால் என்ன? சூப்பர்வைசர் ஒட்டியிருப்பார். உனக்குத் தெரிந்திருக்காது. தெரியாதது பாவமா? இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நாளைக்குப் போய், "ஒட்டிடுங்க தம்பி" என்று ஒரு வார்த்தை. அவள் எந்தப் பாஷையில் போய் எதிர்ப்பாள்? அவள் வாயிலிருந்து வருவது புரிகிற ஒரே ஆள் நீ.

அந்தக் கடைசி நினைப்பில் அவளுக்கே உடம்பு கூசியது. ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

காலையில் கணவர் கையில் ரொட்டியோடும் முகத்தில் கேள்வியோடும் வந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். பஸ்ஸில் நினைத்ததையும் மறைக்கவில்லை.

அவர் காலியாக இருந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"எனக்கு நீ வேணும்மா" என்றார் கடைசியில். "இல்லேன்னு சொன்னா பொய். ஆனா அடுத்தவ அடுப்பை அணைச்சுட்டு இங்க வந்து உக்காந்தேன்னா, நம்ம ரெண்டு பேரும் என்னத்தைப் பேசுவோம்?"

"நாற்காலியில மறுபடி துணியை வச்சிடவா?"

"வேணாம். இருக்கட்டும். பாத்தாலே நல்லா இருக்கு."

அவர் படுத்தார். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை, அவள் பக்கமாகவே படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை மூடியபடியே கேட்டார்: "நீ ஏன் மாத்திக் கேட்டேன்னு அவளுக்குத் தெரியுமா?"

தெரியாது. சொல்லவே இல்லை. கேட்பதை மட்டும் கேட்டுவிட்டு, ஏன் கேட்கிறோம் என்று சொல்லாமல் வந்திருக்கிறாள். உத்தரவு போடுகிறவர்கள் செய்கிற காரியம் அது.

அன்று கடைசி வண்டியில் சொன்னாள். தெரிந்த வார்த்தைகள் கொஞ்சம். என் புருஷனுக்கு ராத்திரி வேலை. எனக்குச் சாயங்கால வேலை. அதற்குமேல் வார்த்தை இல்லை. கையிலிருந்த விரிப்பைப் பார்த்தாள். அதையே காட்டினாள். இரண்டு எட்டு முன்னால் வந்தாள், நெட்டையம்மாவின் கை படுவதற்குள் நின்றாள், அப்படியே பின்னால் போனாள். மறுபடி வந்தாள், தொடாமல் போனாள்.

நெட்டையம்மா அசையாமல் நின்றாள். இஸ்திரி அண்ணன்கூட உருளையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நெட்டையம்மா ஒரு விரலை உயர்த்தி, பொறு என்றாள். அடுத்த விரிப்பில் வந்தாள். "மார்த்தெஸ்." அதற்கடுத்த விரிப்பில், "ஹுவேவெஸ்." செவ்வாய். வியாழன். அந்த இரண்டு நாள் அலுவலகத்தில் துடைக்கிற வேலை இல்லை. சாயங்காலம் காலி. அந்த இரண்டு நாள் மாற்றிக்கொள்ளலாம்.

"உனக்கு?" என்று குட்டையக்கா தமிழிலேயே கேட்டுவிட்டாள். உனக்கு இதனால் என்ன?

அது எப்படியோ புரிந்தது. நெட்டையம்மா இடுப்புயரத்தில் கையை வைத்துக் காட்டினாள். மகள். இடது கையில் ஒரு கற்பனைக் கையைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நடந்து காட்டினாள். பள்ளிக்கூடம். விடியுமுன்னே வேலைக்கு வந்துவிடுகிறவள். மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது பக்கத்து வீட்டுக்காரி. அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசல் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது.

வண்டி காலியானதும் இருவருமாகச் சூப்பர்வைசர் அறைக்குப் போனார்கள்.

"ஜோடியா வந்திருக்கீங்க. சம்மதிச்சுட்டாளா?"

"இல்ல தம்பி. வேற ஒண்ணு பேசி முடிச்சிருக்கோம். செவ்வாயும் வியாழனும் எனக்குக் காலை, இவளுக்குச் சாயங்காலம். மத்த நாளெல்லாம் இப்ப இருக்கிறபடி."

"அப்படித் துண்டு துண்டா போட முடியாதுக்கா. அட்டவணை வாரக்கணக்கு. எப்பவும் அப்படித்தான்."

நெட்டையம்மா குனிந்து குட்டையக்காவின் காதில் என்னவோ கேட்டாள். இவள் நிமிர்ந்து சொன்னாள்: "அட்டவணையை எழுதறது யாருன்னு கேக்கறா."

"நான்தான்னு சொல்லுங்க."

சொன்னாள். நெட்டையம்மா சூப்பர்வைசரைப் பார்த்து ஒரு நீளமான வாக்கியம் பேசினாள்.

"அப்ப நீங்களே மாத்தலாமேன்னு கேக்கறா" என்றாள் குட்டையக்கா. அவள் கேட்டது அதுதானா என்று இவளுக்கே நிச்சயமில்லை. ஆனால் நியாயமான கேள்வி. யார் கேட்டிருந்தால் என்ன?

சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்தார். "மேலே கேப்பாங்கக்கா. ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாரும் வந்து நிப்பாங்க."

"நிக்கட்டும் தம்பி. நின்னு கேக்கறது தப்பா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு நீங்க சொன்னீங்க, இவளைக் கேக்காமலே மாத்திடறேன்னு. அதை இவகிட்ட சொல்ல இப்ப எனக்கு வார்த்தை இருக்கு. உங்களை அசிங்கப்படுத்தணும்னு எனக்கு ஆசை இல்ல. ஒரு ஆளோட நேரத்தைத் தொடறதுக்கு முன்னாடி அந்த ஆளைக் கேக்கணும், அவ்வளவுதான். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுட்டோம். உங்களுக்கு வேலை மிச்சம்."

அவர் முகம் கொஞ்சம் சிவந்தது. நெட்டையம்மாவைப் பார்த்தார். அவளை அவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பிறகு பேனாவைத் தேடினார். அது காதிலேயே இருந்தது.

"ரெண்டு மாசம் பாக்கறேன்" என்றார். "வேலை கெட்டா மாத்திடுவேன்."

"மாத்துறதுக்கு முன்னாடி கேளுங்க" என்றாள்.

வெளியே வந்ததும் இஸ்திரி அண்ணன் கேட்டார்: "என்னம்மா, தலையெழுத்து மாறிடுச்சா?"

"ரெண்டு நாளுக்கு மாறியிருக்குண்ணே. மிச்சம் அஞ்சு நாளு. அதையும் ஒருநாள் பாத்துக்கலாம்."

முதல் செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக்கு வந்தபோது வெயில் அடுக்களை வரைக்கும் வந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் தன் வீட்டை அவள் பார்த்தே பல காலமாகியிருந்தது. அவர் எழுந்து, முகம் கழுவி, ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு தம்ளரில் டீ. அவள் மற்றதில் உட்கார்ந்தாள்.

இருவரும் சம்பந்தம் பேச வந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது போல டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து கொடியிலிருந்து காய்ந்த விரிப்பை எடுத்து வந்தாள். ஊர் விரிப்பையெல்லாம் இருவராக மடிக்கிறவள், சொந்த வீட்டு விரிப்பை மட்டும் எப்போதும் ஒருத்தியாக, முகவாய்க்கட்டையில் இடுக்கிக்கொண்டுதான் மடித்து வந்திருக்கிறாள்.

"அந்த முனையைப் பிடிங்க."

பிடித்தார். மாவு பிசைகிற கை. துணியை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நடுவில் கொத்தாகப் பிடித்தார். திருத்தினாள். உதறச் சொன்னாள். அவர் உதறிய உதறலில் டீ தம்ளர் ஒன்று கவிழ்ந்தது.

"இப்ப என்கிட்ட வாங்க."

அவர் பின்னால் போனார்.

"ஏங்க, இந்தப் பக்கம்."

வந்தார். முகத்துக்கு முகம் வந்து நின்றார். கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது. இவ்வளவு கிட்டத்தில் இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, தோளால் அதை மேலே தள்ளிக்கொண்டார்.

"வந்துட்டேன். இப்ப என்ன செய்யணும்?"

"இப்ப ஒரு வாக்கியம் சொல்லணும். அதுதான் எங்க முறை."

அவர் யோசித்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"அ கே ஓரா சாலெஸ்?"

எத்தனை மணிக்குக் கிளம்புவே. அடுப்படியில் எத்தனை காலைகள் அவளே அவரிடம் ஒப்பித்த கேள்வி. பதிலுக்கு அவள் தேட வேண்டியிருக்கவில்லை. போன வாரமே நெட்டையம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓய் நோ சால்கோ."

"அது என்னது? நான் சொல்லிக்குடுக்கலையே."

"இன்னைக்கு நான் எங்கயும் போகலன்னு அர்த்தம்."

அவர் தலையாட்டினார். விரிப்பு இருவர் கைகளுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

"முனையைக் குடுங்க" என்றாள்.

அவர் கொடுக்கவில்லை.